நம்ம ஞாயிறு வகுப்புப் பிள்ளை தஞ்சோங் மாலிம் போன கதை

ஓம் சக்தி.

கடந்த நான்கு வாரமாக ஆலயத்துக்கு வருகிற பெற்றோர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஞாயிற்றுக்கிழமை டியூஷன் ஏன் ஒழுங்கா நடக்கல? டீச்சர் எங்க?" செருப்பு கழற்றும் இடத்திலும் அன்னதான வரிசையிலும் நின்றுகொண்டு நாங்கள் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி வந்தோம். கல்யாணம் ஆகிப் போய்விட்டாள் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டாராம். அது இல்லைங்க. தயவுசெய்து அதைப் பரப்ப வேண்டாம். அவள் அம்மா காதுக்குப் போனால் திட்டு எங்களுக்குத்தான்.

முழு விவரத்தையும் எழுதலாமா என்று அவளிடமே கேட்டோம். "எழுதுங்க அங்கிள். ஆனா பேரு போடாதீங்க, படமும் வேணாம். நீங்க செஞ்ச தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். ஒப்புக்கொண்டோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பழைய பக்தர்களுக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கரகம் தூக்கும் அப்பாவுக்குப் பின்னால் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு ஓடி வரும் பிள்ளை. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி. யுபிஎஸ்ஆர் மலாயில் புள்ளி போதவில்லை என்று இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. (இப்போது யுபிஎஸ்ஆர் இல்லை, 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு முதல் படிவத்தில் வரும் திகைப்பு அப்படியேதான் இருக்கிறது.) எஸ்பிஎம்மில் கணக்கு, அறிவியல் பாடமெல்லாம் நல்ல கிரேடு. மலாய் மட்டும் டி.

டி என்றால் பாஸ். சான்றிதழ் கையில் கிடைத்துவிடும். வீட்டில் பாயசம்கூட வைத்தார்கள். ஆனால் கிரெடிட் இல்லை. கிரெடிட் என்றால் குறைந்தது சி எடுக்க வேண்டும். அந்த வயதில் அவளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. நமக்கும் யாருக்கும் தெரியவில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் ஒரு தனியார் கல்லூரியில் பிடிபிடிஎன் கடன் எடுத்து உயிரியல் தொழில்நுட்பம் படித்தாள். பட்டம் வாங்கி வெளியே வந்த நேரம் கோவிட். ஆய்வுக்கூட வேலை என்று அலைந்து பார்த்தாள், ஒன்றும் அமையவில்லை. கடைசியில் நம்ம தொழிற்பேட்டையிலேயே ஒரு தொழிற்சாலையில் கியூசி. எங்கள் குழுவில் பாதிப் பேர் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறோம். பட்டம் வாங்கிய பிள்ளை பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பாகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

அவள் ஞாயிறு வகுப்பு எடுக்க ஆரம்பித்தது யாரும் கேட்டு அல்ல. சமய வகுப்புக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒரு நாள் வரவில்லை. பிள்ளைகள் மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து போய், "யாருக்கு நாளைக்கு ஹோம்வொர்க் இருக்கு, எடுத்துட்டு வா" என்றாள். அன்றைக்கு ஐந்து பேர். ஆறு மாதத்தில் இருபத்து மூன்று பேர்.

அவள் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் தூண் ஓரம் நின்று கேட்டிருக்கிறோம். முதலில் தமிழில் சொல்லுவாள். இலை எப்படிச் சோறு ஆக்குகிறது, வெயில் எதற்கு, தண்ணீர் எதற்கு என்று கதை மாதிரி. பிள்ளை தலையாட்டிய பிறகு, "இதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு? ஃபோத்தோசிந்தேசிஸ். இப்ப நீ எனக்கு மலாய்ல சொல்லு, தப்பா இருந்தாலும் பரவால்ல" என்பாள். பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொல்லும். சிரிக்க மாட்டாள். மற்ற பிள்ளைகளையும் சிரிக்க விடமாட்டாள். தன் புகுமுக வகுப்பு ஞாபகம் அவளுக்கு உண்டு.

அதைப் பார்த்துதான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. நீ ஏன்மா டீச்சர் ஆகக்கூடாது?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப் போல் பல பெற்றோர்களும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்பிஎம் முடித்தவுடன் ஐபிஜி எனப்படும் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு மனுச் செய்கிறார்களே, அது பெரும்பாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆவதற்கான வழி. இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறைப் பட்டமே எடுக்கலாம். வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு ஆசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்குப் பட்டத்துக்குப் பிந்தைய கல்வி டிப்ளோமா என்று ஒன்று இருக்கிறது. அதை டிபிஎல்ஐ என்பார்கள், பிடிபிபி என்பார்கள், முன்பு கேபிஎல்ஐ என்று இருந்தது. ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு. பிள்ளைகளின் உளவியல், பாடத்திட்டம், சோதனைத்தாள் தயாரிப்பது, வகுப்பைக் கட்டி மேய்ப்பது எல்லாம் சொல்லித்தருவார்கள். பிறகு உண்மையான பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பாடம் நடத்தச் சொல்லி, பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள். பாடம் தெரிந்திருப்பது வேறு, பாடம் நடத்தத் தகுதி பெறுவது வேறு. அந்தத் தகுதி இல்லாமல் அரசாங்கப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக நிலைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறோம். மூன்று வருஷத்துக்கு முன் எங்களுக்கு இதில் கால்வாசிகூடத் தெரியாது. தெரியாதவர்கள் சும்மா இருந்திருக்கலாம். நாங்கள் இருக்கவில்லை.

எங்கள் குழுவில் பதினொரு பேர். ஒருவரும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவர் இல்லை. ஆனாலும் உற்சாகம் தாங்கவில்லை. ஒருவர் பாரத்தை இறக்கி அச்செடுத்தார். ஒருவர் ஐசி, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம், பட்டம், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய் அசலோடு ஒத்திருக்கிறது என்று சாட்சிக் கையெழுத்து வாங்கி வந்தார். ஒருவர் அவள் படித்த பட்டம் எம்க்யூஏ பதிவேட்டில் இருக்கிறதா என்று மகனை விட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னார். இருந்தது. அது ஒன்றுதான் நாங்கள் உருப்படியாகச் செய்தது.

பாரத்தை நிரப்பும்போது அவளே கேட்டாள். "அங்கிள், எஸ்பிஎம் மலாய்ல கிரெடிட் வேணும்னு போட்டிருக்கே. எனக்கு டி தானே?"

எங்களில் ஒருவர் சொன்னார்: "நீதான் காலேஜ்ல பஹாசா கெபாங்சான் ஏ எடுத்து பாஸ் பண்ணிட்டியே. அது எஸ்பிஎம்முக்குப் பதிலா எடுக்கிறதுதான். அது போதும்மா. தைரியமா அனுப்பு."

அப்படிச் சொன்னவர் யார் என்று எழுதுவதில் பயன் இல்லை. இந்தப் பதிவைத் தட்டச்சு செய்கிற கைக்கு அது தெரியும்.

பஹாசா கெபாங்சான் ஏ என்பது, எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இல்லாத மலேசிய மாணவர்கள் தனியார் கல்லூரியில் பட்டம் முடிப்பதற்காகக் கட்டாயம் எடுக்கும் பாடம். பட்டம் வாங்குவதற்கு அது போதும். அரசாங்க ஆசிரியர் வேலைக்கு அது எஸ்பிஎம் கிரெடிட்டுக்கு ஈடாகாது. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நாங்கள் அழைக்கவில்லை. கேட்பதற்குக் கூச்சம். மலாயில் பேச வேண்டுமே என்ற கூச்சமும் சேர்த்துத்தான்.

இதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம்.

அந்த வருஷம் நவராத்திரி. சரஸ்வதி பூஜை அன்று பிள்ளைகளின் புத்தகமெல்லாம் அம்மன் முன்னால் அடுக்கியிருந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். மனு அனுப்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாங்கள் மைக்கைப் பிடித்து, "நம்ம ஆலயத்துப் பிள்ளை, விரைவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஆகப் போகிறார்" என்று அறிவித்துவிட்டோம். தலைவர் பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினீர்கள். படம் எடுத்து இதே பக்கத்தில் போட்டோம். இருநூறுக்கு மேல் லைக், வாழ்த்து. அந்தப் படத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு விருப்பம் இல்லை என்பது தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. முன்கூட்டியே, "மைக்ல எதுவும் சொல்லாதீங்க அங்கிள்" என்று அவள் சொல்லியிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

டிசம்பரில் பதில் வந்தது. அடிப்படைத் தகுதி இல்லை, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இரண்டு வரிதான்.

அதற்குப் பிறகு நடந்ததில் நம் எல்லாருக்கும் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு ஆண்ட்டி கேட்பார், "என்னம்மா, எந்த ஸ்கூல்ல போட்டாங்க?" அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் ஒருவர், "டீச்சரம்மா" என்பார். கிண்டல் இல்லை, பாசம்தான். ஆனால் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போச்சு. முதலில் வெள்ளிக்கிழமை நின்றது. பிறகு ஞாயிறும் நின்றது. தைப்பூசத்துக்குக்கூட அவள் குடும்பம் வேறு கோயிலுக்குப் போனது.

இருபத்து மூன்று பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் வந்து பார்த்துவிட்டு வராமல் போனார்கள்.

நாங்கள் அவள் வீட்டுக்குப் போக இரண்டு மாதம் எடுத்தோம். என்ன சொல்வது என்று தெரியாமல்தான். மூன்று பேர் போனோம், பிரசாதத்தையும் கொஞ்சம் பழத்தையும் எடுத்துக்கொண்டு. அவள் அம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், எதுவும் பேசவில்லை. அப்பா சர்க்கரை நோயில் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கரகம் தூக்கிய மனிதர். அவர்தான் சொன்னார்: "பிள்ளைக்கு வேல கெடைக்காதது எனக்கு வருத்தம் இல்லப்பா. ஊரு முன்னால அவள நிக்க வச்சிட்டீங்களே."

மன்னிப்புக் கேட்டோம். வேறு என்ன செய்ய.

அவள் அறைக்குள்ளிருந்து வந்தாள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். எங்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் ஒரு தாளைக் காட்டினாள். எஸ்பிஎம் மலாய்த் தாளை மட்டும் தனியாக மறுபடி எழுதுவதற்குப் பதிவு செய்திருக்கிறாள். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. தானே விசாரித்து, தானே பணம் கட்டியிருக்கிறாள். "இந்தத் தடவ நானே ஃபோன் போட்டுக் கேட்டேன் அங்கிள்" என்றாள். அந்த வார்த்தையில் கொஞ்சம் காரம் இருந்தது. இருக்கட்டும்.

இருபத்தாறு வயதில், கையில் பட்டத்தோடு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுதப் போவது என்பது சின்ன விஷயம் இல்லை. எங்களில் யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

மலாய் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் நாசி லெமாக் விற்கும் மக்சிக்கிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு மலாய் ஆசிரியர். அந்தச் சிக்கு முதலில் ஒரு கட்டுரை எழுதி எடுத்துவரச் சொன்னாராம். எழுதிக் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது தாள் முழுக்கச் சிவப்பு. கருத்தில் தப்பு இல்லை, இம்புஹான் எல்லாம் தப்பு. இம்புஹான் என்பது சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுவது. மே, பெர், கான், இ என்று. வாயால் பேசும்போது நாம் அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். கடையிலும் தொழிற்சாலையிலும் அப்படிப் பேசியே காலத்தை ஓட்டிவிட்டோம். பரீட்சைத் தாளில் அது ஓடாது. முப்பது வருஷமாக மலாய் பேசுகிறோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவள் அந்தச் சிவப்புத் தாளை எங்களுக்குக் காட்டினாள். அதில் திருத்தியிருந்ததில் பாதியை நாங்களே தப்பாகத்தான் எழுதியிருப்போம்.

பிறகு ருமூசான். ஒரு பத்தியைப் படித்து 120 சொல்லுக்குள் சுருக்கி எழுத வேண்டும். அவள் 200 எழுதுவாள். சிக்கு பேனாவால் ஒவ்வொரு சொல்லாக எண்ணி, 120-ஐத் தாண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு மீதியைப் படிக்கவே மாட்டாராம். வாரம் இரண்டு நாள், எட்டு மாதம். பணம் வாங்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் போதும் என்றார். ஆலயத்தில் முறுக்குச் சுட்ட அன்று ஒரு டின் தனியாக எடுத்து வைத்தது இவருக்குத்தான். யாருக்கு அந்த டின் என்று அன்று கேட்டுச் சண்டைக்கு வந்த அண்ணன் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நாங்கள் செய்தது மிகக் குறைவு. இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரும்படி அவள் பகுதி சூப்பர்வைசரிடம் பேசினோம். எங்களுக்குள் வெள்ளி சேர்த்துப் பழைய கேள்வித்தாள் தொகுப்பு வாங்கிக் கொடுத்தோம். ஆலயப் பணம் ஒரு காசு எடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், நிர்வாகக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கலாமே என்று கேட்டோம். உண்டியல் பணம் அம்மனுக்கு, கும்பாபிஷேகத்துக்குச் சேர்க்கிற பணம், அதில் கை வைக்கக் கூடாது என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ராஜகோபுரத்தில் விரிசல் இருப்பது உண்மை. ஆனால் எங்கள் கருத்தையும் இங்கே பதிவு செய்கிறோம். கோபுரம் கட்டி முடித்த பிறகு அதன் கீழே வந்து நிற்கப் பிள்ளைகள் வேண்டாமா? அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மறுபடி கேட்போம்.

பரீட்சை அன்று காலை அவள் பள்ளி மண்டபத்துக்குப் போனதும், வரிசையில் நின்ற ஒரு பையன், "சிக்கு, சாயா துடோக் டி மானா?" என்று எங்கே உட்காருவது என இவளைக் கேட்டானாம். இவளும் வரிசை எண்ணைப் பார்த்து அவன் இடத்தைக் காட்டிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பையன் திரும்பிப் பார்த்து முழித்தானாம். இதைச் சொல்லி அவள் சிரித்தபோதுதான் பழைய பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது.

முடிவு வந்தது. சி பிளஸ்.

ஏ வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வரவில்லை. சிக்கு மட்டும், "சுக்குப்" என்றாராம். போதும். போதும்தான். கிரெடிட் கிரெடிட்தான்.

அந்த ஞாயிறு அவள் ஆலயத்துக்கு வந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று பூக்கார அம்மாவிலிருந்து குருக்கள் ஐயா வரைக்கும் முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். குருக்கள் ஐயா ஒன்றும் கேட்காமல் குங்குமம் கொடுத்தார். அவள் மண்டபத்துக்குப் போய் வெள்ளைப் பலகையைத் துடைத்தாள். அடுத்த வாரம் நாலு பிள்ளைகள், அதற்கடுத்த வாரம் ஒன்பது.

மறுபடியும் விண்ணப்பம். இந்த முறை நாங்கள் நகல் எடுக்கும் வேலை மட்டும்தான் பார்த்தோம். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது மட்டும், பழகிப் பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். அன்னதானக் கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு மூன்று பேர் எதிரில் உட்கார்ந்தோம். ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறாய் என்று கேட்டோம். மனப்பாடம் செய்த பதில் வந்தது. நாட்டுக்குச் சேவை, எதிர்காலச் சமுதாயம் என்று. சாம்பார் கிளறிக்கொண்டிருந்த எங்கள் சமையல் அக்கா அங்கிருந்தே கேட்டார், "எம்மா, ஒரு பையன் தெனமும் புத்தகமே கொண்டு வரல. என்ன செய்வே?"

அவள் யோசித்தாள். "மொதல்ல அவன் சாப்பிட்டானான்னு கேப்பேன் அக்கா" என்றாள். பிறகு நம்ம ஞாயிறு வகுப்பில் ஒரு பையன் அப்படி இருந்ததைச் சொன்னாள். அவன் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பை, அண்ணன் காலைப் பள்ளி, தம்பி மத்தியானப் பள்ளி, பையோடு புத்தகமும் மாறிப் போகிறது என்று. எங்களுக்கே அது தெரியாது. அந்தப் பையனுக்கு ஒவ்வொரு வாரமும் இரண்டு பொட்டலம் சாப்பாடு கட்டிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "இதையே அங்க போய் சொல்லு. அந்த சேவை கீவையெல்லாம் வேணாம்" என்றார்.

உண்மையான நேர்முகத்தில் அந்தக் கேள்வி வரவில்லை. சபா, சரவாக்கில் போட்டால் போவாயா என்று கேட்டார்களாம். போவேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கு அது தெரிந்தது. கல்யாண வயதுப் பிள்ளை, அப்பா இப்படி இருக்கிறார், கடல் தாண்டிப் போவதா என்று ஒரு வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. புது ஆசிரியர்களை அங்கே அனுப்புவது வழக்கம்தான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. நாங்கள் அதில் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை வாய் திறந்ததற்கே இவ்வளவு.

இடம் கிடைத்தது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். உப்சி என்று சொல்லுவோமே, அதுதான். போன மாதம் ஆலய வேனில் ஆறு பேர் அவளைக் கொண்டுபோய் விட்டோம். அப்பா முன் இருக்கையில், கால் நீட்ட வசதியாக. விடியற்காலை நாலு மணிக்கு அம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் பினாங்குத் திருப்பத்தைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு அப்பா அவருடைய லோரி ஓட்டிய கதைகளை ஆரம்பித்தார், ஈப்போ வரைக்கும் நிற்கவில்லை.

பதிவு புதிய வளாகத்தில். அது முடிந்ததும் ஊருக்குள் இருக்கும் பழைய வளாகத்தையும் பார்க்க வேண்டும் என்று அப்பா சொன்னார். 1922-இல் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய கல்லூரி அது. 1997-இல்தான் பல்கலைக்கழகம் ஆனது. சூலோ பூடிமான் என்ற பழைய கட்டடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அப்பா வேனிலிருந்து இறங்க முடியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு வருஷத்துக்கு மேல டீச்சர உருவாக்குற எடம்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தஞ்சோங் மாலிம் பாவ் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லாரும் காயா பாவ். ஒருவர் மட்டும் தெரியாமல் கோழி பாவைக் கடித்துவிட்டுப் பட்ட பாட்டைத் தனிப்பதிவாகத்தான் எழுத வேண்டும்.

கிளம்பும்போது அவள் அம்மா எங்களிடம் முதல் தடவையாகப் பேசினார். "வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க." அவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய விஷயம்.

இப்போது பக்தர்களுக்குச் சில வேண்டுகோள்.

அவள் இன்னும் ஆசிரியை ஆகவில்லை. இந்த டிப்ளோமா முடிந்தால் தகுதி வரும், வேலை தானாக வராது. அதற்குப் பிறகு எஸ்பிபி எனப்படும் கல்விச் சேவை ஆணையத்துக்கு மனுச் செய்ய வேண்டும், அங்கேயும் நேர்முகம், அவள் பாடத்துக்குக் காலியிடம் இருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் சேமிப்புப் பணத்தில் படிக்கிறாள், பிடிபிடிஎன் கடன் வேறு இருக்கிறது. ஆகவே விடுமுறையில் அவள் வரும்போது வாழ்த்துங்கள், ஆனால் எந்தப் பள்ளி, எப்போது போஸ்டிங் என்று கேட்காதீர்கள். நாங்களும் இந்தத் தடவை மைக்கைத் தொடமாட்டோம்.

நான்காம், ஐந்தாம் படிவத்தில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் இன்றைக்கே மலாய் கிரேடைப் பாருங்கள். டி வந்தால் பாஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கனவே எஸ்பிஎம் முடித்து மலாயில் கிரெடிட் இல்லாமல் இருக்கும் தம்பி தங்கைகள் அதை மட்டும் மறுபடி எழுதலாம். எப்படிப் பதிவு செய்வது என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்களிடம் வாயால் கேட்காதீர்கள், அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள். மலாய் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் பதில் சொல்லுவார்கள்.

இன்னொன்று. இடைநிலைப்பள்ளியில் தமிழ் பாடம் வேண்டும் என்று குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர்கள் கேட்டால் வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம்ம வட்டாரத்தில் இரண்டு பள்ளிகளில் பெயர் கொடுக்க ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டோம். முதல் படிவப் பெற்றோர்கள் எங்களை வந்து பாருங்கள்.

ஞாயிறு வகுப்பு நிற்கவில்லை. காலை 9.30-க்கு மண்டபம் திறந்திருக்கும். பயிற்சித் தாள்களை அவள் சனிக்கிழமை இரவு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறாள், நாங்கள் அச்செடுத்துக் கொடுக்கிறோம். தாளைக் கொடுக்கத்தான் எங்களால் முடிகிறது, விளக்கிச் சொல்ல முடியவில்லை. போன வாரம் இரண்டாம் படிவப் பையன் ஒருவன் ஒரு கேள்வியைக் காட்டிக் கேட்டான், மூன்று பெரியவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "நீ அடுத்த கேள்வியைப் போடுப்பா" என்று சொல்லிவிட்டோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கணக்கும் அறிவியலும்தான் அவசரம். மண்டபச் சாவி பூக்கடையில் இருக்கிறது. வெள்ளைப் பலகை மார்க்கர் தீர்ந்துபோச்சு, வருகிறவர்கள் இரண்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று.

ஓம் சக்தி.